வலப்பக்கம் மட்டும் திரும்பும் சைக்கிள்கள்

“பிள்ளைகளுக்குச் சைக்கிள் சொல்லிக்கொடுத்த டீச்சர்” என்று என்னைப் பற்றி மலையில் பெருமையாகப் பேசுகிறார்கள். பேசட்டும். பிள்ளைகள் மேல் பாசம் பொங்கி நான் அதைச் செய்யவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிட்டு மலையை விட்டு இறங்க வேண்டும் என்பதற்காகச் செய்தேன்.

ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊரின் தொடக்கப் பள்ளி. ஒன்றிலிருந்து ஐந்து வரை மொத்தம் பதினோரு பிள்ளைகள். தலைமை ஆசிரியர் பணியிடம் காகிதத்தில் உண்டு, ஆள் கிடையாது. ஆகவே டீச்சர் நான், ஹெச்.எம். நான், மணி அடிப்பதும் நான். என் வீடு ஆலங்காயத்தில். கணவருக்கு வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. ஒரே மகள், அப்போது அவளுக்கு ஆறு வயது. திங்கட்கிழமை விடிகாலை அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது நான் பஸ் ஏறுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்குவேன். நடுவில் அவளுக்குத் தலை பின்னுவது, சோறு ஊட்டுவது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொள்வது எல்லாம் என் நாத்தனார்.

தினமும் போய்வரலாமே என்று கேட்பார்கள். கேட்பவர்களை ஒரு வாரம் அந்த பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். காலை பஸ் எங்கள் ஊருக்கு வந்து சேர மணி பத்தாகிவிடும். இறங்கும் பஸ் மூன்று மணிக்கே போய்விடும். திங்களும் வெள்ளியும் மட்டும் மேலதிகாரிகள் கண்டும் காணாமல் விட்டார்கள். மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஓர் ஓட்டு அறையில் நான் அடைந்து கிடந்தேன். நான்கு சுவர், ஒரு ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை. சுற்றுலா வருகிறவர்கள் “ஆகா, என்ன அழகு” என்று போட்டோ எடுப்பார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

மாறுதல் ஆணை ஒருமுறை கையிலேயே வந்தது. ஆனந்தத்தில் பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன். பதிலுக்கு ஒருவர் வந்து பொறுப்பேற்றால்தான் என்னை விடுவிப்போம் என்றார்கள். மலைக்கு யார் வருவார்? கலந்தாய்வில் எங்கள் ஊரின் பெயரைப் படித்ததும் எல்லோரும் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்களாம். நான் கட்டிய பெட்டியை ஒன்றரை மாதம் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் மாற்றுப் புடவை வேண்டியிருந்தது, பிரித்துவிட்டேன்.

அப்போதுதான் இன்னொரு வழி தெரிந்தது. பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிட்டால் பதிலாள் என்ற பேச்சே இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். தார்ச்சாலையில் மூன்று கிலோமீட்டர் தள்ளிப் பெரிய பள்ளி ஒன்று இருந்தது. பெற்றோர் எல்லோரும் சம்மதம் எழுதிக் கொடுத்தால் போதும். நானும் நைசாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

“மூணு கிலோமீட்டரு புள்ளைங்க எப்டி டீச்சர் நடக்கும்? காலு வுட்டுப்பூடும்” என்றார்கள்.

நியாயம்தான். ஆனால் ஊரில் ஏழு வீட்டில் சைக்கிள் இருந்தது. பதினோராம் வகுப்புப் படிக்கும்போது மூத்த பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தவை. அந்தப் பிள்ளைகள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு வீட்டில் சைக்கிள் மேல் கோழி அடைந்தது, இன்னொரு வீட்டில் துணி காய்ந்தது. கொஞ்சம் வளர்ந்த ஏழு பிள்ளைகள் ஓட்டக் கற்றுக்கொண்டால், மிச்சமுள்ள நாலு பொடிசுகள் கேரியரில் உட்கார்ந்துகொள்ளும். மூன்று கிலோமீட்டர் ஒரு விஷயமா?

அன்றைக்கு என் கணவரிடம் போனில் இதைத்தான் சொன்னேன். ஊரில் சிக்னல் கிடைப்பது பஸ் நிற்கும் புளியமரத்தடியில் மட்டும். அதுவும் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். ஆகவே எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

“இவங்க ஓட்டக் கத்துக்கட்டும்! ஜூன்ல நான் அங்க இருப்பேன்!” என்று கத்தினேன்.

சைக்கிள் பழகச் சமதரை வேண்டும். எங்கள் பள்ளி மைதானத்தில் பந்தை வைத்தால் அதுவே கிளம்பிப் பள்ளத்துக்குப் போய்விடும். ஊரில் தட்டையாக இருந்தது ஒரே இடம், சாமை அடிக்கும் களம். மண்ணை இறுக்கிச் சாணி மெழுகி, வட்டமாக, நடுவில் மாடு கட்டும் கம்பத்தோடு இருந்தது. தை பிறந்து சாமையெல்லாம் வீட்டுக்குப் போயிருந்தது. புளி உலர்த்த இன்னும் ஒரு மாதம் இருந்தது. களம் சும்மா கிடந்தது.

களத்துக்குச் சொந்தக்காரி என் வயதுக்காரி. அவள் மகள் என்னிடம் நாலாம் வகுப்பு. நான் போய்க் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“வுடுங்க டீச்சர், யாரு வேணாங்கறது. ஆனா செருப்பு போட்டுக்கினு யாரும் ஏறக் கூடாது. இன்னொண்ணு, எங்க களத்துல வலம்தான் சுத்தணும். மாடே வலம்தான் சுத்தும். இடம் சுத்தனா அடுத்த வருசம் தானியம் நிக்காது.”

“சரிம்மா, வலமே சுத்தறோம்” என்றேன். எந்தப் பக்கம் சுற்றினால் எனக்கென்ன? எப்படியாவது சுற்றித் தொலைத்தால் போதும் என்றிருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தோம். எனக்கு அதற்கு முன் யாருக்கும் சைக்கிள் சொல்லிக்கொடுத்துப் பழக்கமில்லை. நான் கற்றுக்கொண்டது எட்டாம் வகுப்பில், வாடகை சைக்கிளில், விழுந்து விழுந்து. இங்கே எல்லாம் பெரிய ஆள் ஓட்டும் சைக்கிள். சீட்டில் உட்கார்ந்தால் ஒருத்தருக்கும் கால் எட்டவில்லை. லேடீஸ் சைக்கிளில் நின்றபடி மிதித்தார்கள். பார் வைத்த சைக்கிளில் கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, கேரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடினேன்.

“முன்ன பாருடா! கீழ என்ன புதையலா கெடக்குது? முன்ன பாரு!”

“டீச்சர், வுட்றாதீங்க டீச்சர்!”

“விடலடா, மிதி!”

“டீச்சர், வுட்டுட்டீங்களா?”

“மிதிடா எருமை!”

ஒருவன் கம்பத்தையே கட்டிப்பிடித்து நின்றுவிட்டான், சைக்கிள் தனியாகப் போய் விழுந்தது. இன்னொருத்திக்கு ஓட்ட வந்துவிட்டது, நிறுத்த வரவில்லை. சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு சுற்றிலும் “டீச்சர், நிறுத்துங்க டீச்சர்” என்று அழுதுகொண்டே என்னைக் கடந்து போனாள். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. களத்துக்காரியின் மகள் மட்டும் மூன்றாம் நாளே கை நடுங்காமல் ஓட்டினாள். பேச்சே இல்லாத பெண். பாடம் கேட்டால் தரையைப் பார்ப்பாள். சைக்கிளில் ஏறியதும் அவள் முகம் நிமிர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனதும் என் மகள் முதலில் கேட்பது இந்தக் கதையைத்தான். யார் விழுந்தார், யாருக்கு முழங்கால் பெயர்ந்தது, கம்பத்தைக் கட்டிப்பிடித்தவன் இந்த வாரம் என்ன செய்தான். பாயில் என்னோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு கேட்பாள். “அவங்க எல்லாம் எப்பம்மா கத்துக்குவாங்க?” என்பாள். “சீக்கிரம் கத்துக்குவாங்கடி. கத்துக்கிட்டதும் அம்மா இங்கயே வந்துடுவேன்” என்பேன். அவளுக்கு அந்தப் பதினோரு பேரும் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். இத்தனை பிள்ளைகள் பின்னால் மூச்சிரைக்க ஓடுகிறேனே, சொந்தப் பெண்ணின் சைக்கிளை ஒருநாள் பிடித்தேனா என்று நினைத்துப் பார்ப்பேன். வயிறு எரியும். திங்கட்கிழமை அதே எரிச்சலோடு போய்ப் பிள்ளைகளை விரட்டுவேன்.

மாசி பாதியில் ஏழு பேரும் களத்தில் பம்பரமாகச் சுற்றினார்கள். ரோட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று முடிவு செய்தேன். ஒரு புதன்கிழமை மதியம் ஏழு சைக்கிளும் தார்ச்சாலையில் வரிசையாகக் கிளம்பின. நான் பின்னால் ஓடினேன். நேர் சாலையில் அழகாகப் போனார்கள். முதல் வளைவு வலப்பக்கம். அதில் திரும்பியதைப் பார்த்து என் கண்ணே பட்டுவிடும்போல் இருந்தது. மனதுக்குள் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டாவது வளைவு இடப்பக்கம். முதலில் போனவன் திரும்பவே இல்லை. நேராகச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத்து உண்ணிச்செடிப் புதருக்குள் போய்விட்டான். சரி, பயந்துவிட்டான் என்று நினைப்பதற்குள் இரண்டாவது ஆளும் போனாள். மூன்றாவது. நாலாவது. ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக அதே புதருக்குள் போனார்கள். களத்துக்காரியின் மகள்கூட, நிமிர்ந்த முகத்தோடு நேராகப் போய் உள்ளே விழுந்தாள்.

அந்த நேரம் ஒரு டெம்போ வந்திருந்தால்? இப்போது நினைத்தாலும் பகீர் என்கிறது. எல்லோரையும் வெளியே இழுத்துப் போட்டேன். முள் கீறல், ஒரு உதடு வெடிப்பு, வேறொன்றும் இல்லை.

“ஏன்டா, கண்ணு தெரியல? ஹேண்டில் பாரைத் திருப்ப வேண்டியதுதானே?”

“திருப்பனேன் டீச்சர், அது திரும்பல” என்றான் முதலில் விழுந்தவன்.

“திருப்பனா வுயுந்துடுவேன்னு பயம் டீச்சர்” என்றாள் இன்னொருத்தி.

அப்போதுதான் உறைத்தது. ஒரு மாதமாக வலம், வலம், வலம். இவர்கள் உடம்புக்கு வலப்பக்கம் சாயத்தான் தெரியும். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நடுரோட்டில் உட்கார்ந்து சிரித்தேன். பிள்ளைகளும் உதட்டில் ரத்தத்தோடு சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஆத்திரம் வந்தது. இந்த மலையில் எதைத் தொட்டாலும் சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து நிற்க வேண்டும் போலிருக்கிறது.

அந்த ஆத்திரத்தோடு களத்துக்காரியிடம் போனேன். “எல்லாம் உங்க வலத்தால வந்ததும்மா. ஒரு நாள், ஒரே நாள், இடப்பக்கம் சுத்தவிடுங்க.”

அவள் மகளின் கையில் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள். “களத்துல ஆவாது டீச்சர். களம் எங்குளுது. ரோடு கவர்மெண்டுது, அதுல எப்டி வேணா சுத்துங்க, யாரு கேக்கப் போறா.”

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடலாம் என்று இருந்தது. அடக்கிக்கொண்டேன். அன்றிலிருந்து பஸ் நிற்கும் புளியமரத்தை இடப்பக்கமாகச் சுற்ற வைத்தேன். அந்த இடம் ஓரளவு தட்டை. பஸ் டிரைவர் ஹாரன் அடித்துத் திட்டினார். பழக இன்னும் இரண்டு வாரம் ஆனது. பங்குனி பிறந்தபோது ஏழு பேரும் பெரிய பள்ளி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்கள், எந்தப் புதருக்குள்ளும் போகாமல். பின்னால் கேரியரில் நாலு பொடிசுகள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் பெருமையில் அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

ஏப்ரலில் பெற்றோர் கூட்டம் போட்டேன். சம்மதக் கடிதத்தை முதல் நாளே எழுதி, கையெழுத்துப் போடக் கோடுகூடப் போட்டு வைத்திருந்தேன். பத்துப் பேர் வருவார்கள் என்று பார்த்தால் வகுப்பறை நிறைந்துவிட்டது. பாதி முகம் எனக்குத் தெரியாது. சாலையில் எதிர்த்திசையில், பெரிய பள்ளி இருக்கும் பக்கத்துக்கு நேர்மாறாக, இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊரிலிருந்து வந்தவர்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் தூரத்தைக் காரணம் சொல்லி இங்கே வந்ததே இல்லை. சிலரை விடுதிப் பள்ளியில் தள்ளியிருந்தார்கள், மற்றவர்கள் ஆட்டின் பின்னால் போனார்கள்.

களத்துக்காரி எழுந்து பேசினாள். “டீச்சர், இவங்க வூட்டுப் புள்ளைங்க ஒம்போது பேரு ஜூன்லருந்து இங்க வரும். பேரு எழுதிக்குங்க.”

“எப்படி வருவாங்க?”

“சைக்கிள்லதான். நீங்க சனி ஞாயிறு கீழ போய்ட்டா நம்ம புள்ளைங்க அங்க போய்ச் சொல்லிக்குடுத்துதுங்க. எம்பொண்ணுதான் மொதல்ல போச்சு.” பிறகு சிரித்துக்கொண்டே சேர்த்தாள். “இடமும் வலமும் ரெண்டுமே சொல்லிக்குடுத்துடுச்சு.”

பதினோரு பேர் இருபதானால் எந்தப் பள்ளியையும் யாரும் சேர்க்க மாட்டார்கள். மூட மாட்டார்கள். பதிலாளும் வரப்போவதில்லை. என் கையில் சம்மதக் கடிதம் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. பேசக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டது?

“உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். நான் சைக்கிள் சொல்லிக்கொடுத்தது உங்க பிள்ளைங்க நல்லா இருக்கணும்னு இல்ல. இந்தப் பள்ளிக்கூடத்தை மூடிட்டு நான் வீட்டுக்குப் போகணும்னுதான். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. ஆறு வயசு. அவ என்னை வாரத்துக்கு ரெண்டு நாள்தான் பார்க்கிறா.”

யாரும் அதிர்ச்சியடையவில்லை. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

“தெரியும் டீச்சர்” என்றாள் களத்துக்காரி. “புளியமரத்தாண்ட நின்னுக்கினு நீங்க போன்ல கத்துனா ஊருக்கே கேக்கும். அன்னிக்கே தெரியும்.”

“தெரிஞ்சுமா களத்தைக் குடுத்தீங்க?”

“புள்ளைங்க கத்துக்கட்டுமேன்னுதான். அப்பறம் நாங்க ஒக்காந்து பேசனோம். உங்குளுக்கு முன்ன இருந்தவரு மாசத்துக்கு நாலு நாள் வருவாரு. எம்மூத்த பையன் அஞ்சாவது முடிச்சும் பேரு எழுதத் தெரியாது. நீங்க திட்றீங்க, அடிக்கக்கூட வர்றீங்க, ஆனா டெய்லி இருக்கறீங்க. உங்குள எப்டி டீச்சர் வுட்றது? அதான் இவங்கள இட்டாந்தோம்.” அவள் குரல் இறங்கியது. “கோச்சுக்காதீங்க. எங்க புள்ளைங்களும் புள்ளைங்கதானே.”

கோபித்துக்கொள்ளத்தான் செய்தேன். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் கண்ணி வைக்கப் போக, என்னை விட நிதானமாக, இரண்டு மாதம் சிரித்த முகத்தோடு, எனக்கு மோர் கொடுத்து, புளிக்கொட்டை வறுத்துக் கொடுத்து, இவர்கள் எனக்கு வைத்திருக்கிறார்கள். எழுந்து வெளியே போய்விடலாம். எங்கே போவது? மூன்று மணி பஸ் போய்விட்டிருந்தது. கதவருகே அவள் மகள் ஒரு சின்னப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஊர்ப் பையன். முழங்காலில் புதுக் காயம். “இவனுக்கு இன்னும் பிரேக் புடிக்க வர்ல டீச்சர், நான் பாத்துக்கறேன்” என்றாள். மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

சம்மதக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தேன். ஒன்பது பெயரையும் நானே எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஆலங்காயத்தில் இறங்கினேன். கணவரிடம் சொன்னேன், அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார். நாத்தனார் பெருமூச்சு விட்டாள். மகளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் வழக்கம்போல ஒட்டிக்கொண்டு படுத்தாள்.

“அம்மா, அவங்க எல்லாரும் கத்துக்கிட்டாங்களா?”

ஏழு பேர் கற்றுக்கொண்டதையும், அவர்கள் ஒன்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்ததையும் அவளிடம் எப்படிச் சொல்வது? கற்றுக்கொண்டார்கள் என்றால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும்.

“இல்லடி, இன்னும் கத்துக்கல” என்றேன்.

“இவ்ளோ நாளாவா?” அவள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். “அவங்க எல்லாம் மக்கும்மா. சரியான மக்குப் பசங்க.”

இந்த மலையிலேயே கெட்டிக்காரப் பிள்ளைகள் அவர்கள்தான். என் மகளைப் படுக்க வைத்து, போர்வையை இழுத்து விட்டு, “ஆமாண்டி கண்ணு, மக்குங்கதான்” என்றேன்.